கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"அம்மா, அவனை எதுக்குக் குளத்துக்குள்ள விடுறீங்க?" என்று கேட்டார் சிதம்பரநாதன்.

உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவனை?"

"கொம்பையாவைத்தான். காலையில ஒரு வாத்தைப் பாத்தேன். மூக்கு நுனியில மஞ்சள் பொட்டு. வெயில் ஏறுற வரைக்கும் அதையே பாத்துட்டு இருந்தேன். சாயங்காலம் அது அவன் தோள்ல தொங்குது."

"அதே வாத்துதானா?"

"இடது ரெக்கையில ஒரு இறகு கொறைச்சல். அதே வாத்துதான்."

"நல்லாப் பாத்திருக்கீங்க ஐயா."

"பாராட்டு கேக்கலைம்மா. நியாயம் கேக்குறேன்."

"காலை உங்களுக்கு. சாயங்காலம் கொம்பையாவுக்கு. மிச்ச நேரம் வாத்துக்கு."

"இது என்ன நியாயம்?"

உலகம்மை ஒரு கல்லை எடுத்து சிதம்பரநாதனின் உள்ளங்கையில் வைத்தார். மறுபடியும் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

சிதம்பரநாதன் அந்தக் கல்லோடு வேப்பமரத்தடிக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கை கல்லைப் போல அசையாதது என்கிறாரா? என் மனம் கல் என்கிறாரா? பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்.

அது அரிசியில் கிடந்த கல். கீழே போட்டால் யார் காலிலாவது குத்தும். பக்கத்தில் ஒரு கை சும்மா இருந்தது, கொடுத்தார். அவ்வளவுதான்.

*

வேட்டைக்குத் தடை வராத காலம் அது.

தாராங்குளத்தின் கரையில் ஒரு சின்ன மடம். அதில் உலகம்மை. நாற்பது வயதிருக்கும். கரையில் உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பதைத் தவிர அவர் வேறு பூசை செய்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

சிதம்பரநாதன் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். உலகம்மையைவிட மூத்தவர். மனைவி இறந்துபோனபிறகு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று அழுதுகொண்டு மடத்துக்கு வந்தார்.

"பறவையைப் பாருங்க" என்றார் உலகம்மை.

உபதேசம் அதோடு முடிந்தது.

சிதம்பரநாதன் மதுரைக்குப் போய் ஒரு பைனாகுலர் வாங்கிவந்தார். மனம் நின்றது. பறவையின் மேல் நின்றது. வேறு எதன் மேலும் நிற்கவில்லை. சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை ஐயா என்பார். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

கொம்பையா வேட்டைக்காரர். அவருடைய அப்பாவும் அதே குளத்தில் சுட்டவர். நாட்டுத் துப்பாக்கி ஒன்று, பேச்சி என்ற மனைவி ஒருத்தி, நிற்காத வாய் ஒன்று. அவரிடம் இருந்தது இவ்வளவுதான். சுட்டதைப் பேச்சி சந்தையில் விற்பாள்.

பார்க்கிறவர்களும் சுடுகிறவர்களும் அந்தக் குளத்தில் சண்டையில்லாமல் இருந்தார்கள். பார்க்கிறவர்கள் உட்காரும் கரைப்பக்கம் கொம்பையா துப்பாக்கியைத் திருப்பமாட்டார். சாயங்காலம் அவர் குறிபார்க்கும்போது கரையில் இருப்பவர்கள் கைதட்டிப் பறவைகளைக் கலைக்கமாட்டார்கள். யாருக்கும் யார் மேலும் பிரியமில்லை. ஆனாலும் நடந்தது.

வருஷத்தில் ஒரு பருவம் மட்டும் இரண்டு பேருக்கும் குளம் கிடையாது.

குளத்தின் நடுவில் ஒரு மண்திட்டு. அதில் கருவேலமரங்கள். அங்கே முதல் கூட்டைக் காண்கிறவர், அது யாராக இருந்தாலும், மடத்தில் வந்து சொல்லவேண்டும். உடனே மடைக்குப் பக்கத்தில், தண்ணீரில் இறங்கும் துறையில், வைக்கோல் கயிறு கட்டுவார்கள். ஒரு முனையைச் சுடுகிறவர் கட்டவேண்டும், மறுமுனையைப் பார்க்கிறவர் கட்டவேண்டும். குஞ்சுகள் பறக்கும்வரை கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. கரையில் இருந்து பார்க்கலாம்.

சுடுகிறவன் தாண்டினால், சுடும் விரலைக் கல்லில் வைத்து நசுக்குவது. துப்பாக்கியைக் குளத்தில் போடுவது. இது பேச்சில் இருந்த தண்டனை. யாரும் வாங்கியதில்லை.

பார்க்கிறவன் தாண்டினால் என்ன தண்டனை என்று யாரும் யோசித்ததே இல்லை.

*

அந்த வருஷம் முதல் கூட்டைக் கண்டது கொம்பையா.

விடிந்ததும் துப்பாக்கியில்லாமல் மடத்துக்கு வந்து நின்றார்.

"தாரா குச்சி தூக்க ஆரம்பிச்சிட்டு. நம்ம பொழைப்பு இன்னையோட சரி."

தாரா என்று அவர் சொன்னது பாம்புத்தாராவை. கறுப்புப் பறவை. நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே நிற்கும். குளத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

சிதம்பரநாதனும் கொம்பையாவும் மடைக்குப் போய்க் கயிறு கட்டினார்கள்.

"இனிமே என்ன பண்ணுவே?" என்று கேட்டார் சிதம்பரநாதன். கொம்பையாவிடம் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"சுண்ணாம்புக் காளவாசல்தான் சார். கல்லு சுமக்கணும். பேச்சி இப்பமே ஏச ஆரம்பிச்சிட்டா. நீ பாத்ததை எதுக்குப் போய்ச் சொன்ன, இன்னும் ஒரு வாரம் கழிச்சுப் பாத்திருக்கக் கூடாதாங்கா."

"நியாயம்தானே?"

"நியாயம்தான். ஆனா பாத்துட்டம்லா சார்."

கொம்பையா தன் முனையை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"உங்களுக்கும் கஷ்டம்தான் சார். கிட்டப் போய்ப் பாக்க முடியாதுல்லா."

"எனக்கென்ன? நான் பாக்குறவன். நான் பாத்தா ஒரு இறகு உதிருமா?"

"கயிறு எல்லாருக்கும் சேத்துத்தான் சார்" என்று சிரித்தார் கொம்பையா.

அந்தச் சிரிப்பு சிதம்பரநாதனுக்குச் சுட்டது. ரத்தக்கறை படிந்த கை தனக்குப் புத்தி சொல்கிறதே என்று பட்டது. மடத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துப் பொருமிக்கொண்டு வந்தார்.

*

உலகம்மை மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய குருவின் சமாதி அங்கே இருந்தது. வருஷா வருஷம் போவார். திரும்ப நாளாகும்.

துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவரிடம் சிதம்பரநாதன் கேட்டார்.

"அம்மா, நான் திட்டுக்குப் போய் அந்தக் கூட்டைப் பாத்துட்டு வரலாமா? துப்பாக்கி இல்லை, வலை இல்லை. வெறும் கண்ணு."

உலகம்மை அவரைப் பார்த்தார். பஸ் வரும் நேரம். சிதம்பரநாதனின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரின் மேல் உள்ளங்கையை வைத்து, இரண்டு கண்ணாடியையும் மூடினார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

உலகம்மை போய்விட்டார்.

சிதம்பரநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணாடி வேண்டாம் என்கிறார். கருவியை விடு, தூரத்தை விடு, நேரில் போய்ப் பார் என்கிறார். இத்தனை நாளில் குரு தனக்குக் கொடுத்த பெரிய உத்தரவு இதுதான் என்று நினைத்தார். சந்தோஷத்தில் கண் கலங்கியது. பாவம், அந்தச் சந்தோஷத்தில் பொய்யில்லை.

*

சில நாள் கழித்து, ஊர் உண்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் உச்சிவேளையில் அவர் கயிற்றைத் தாண்டினார்.

பைனாகுலரை மடத்திலேயே வைத்துவிட்டார். தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. கால் சேற்றில் புதைந்தது. திட்டில் ஏறியபோது முழங்காலில் முள் கிழித்திருந்தது. இதெல்லாம் தவம் என்று எடுத்துக்கொண்டார்.

கூடு இருந்த மரத்தை ஒட்டி இன்னொரு மரம். அதன் கவட்டையில் ஏறி உட்கார்ந்தார். தாரா அவரைக் கண்டதும் கூட்டில் இருந்து கல் மாதிரித் தண்ணீரில் விழுந்தது. தூரத்தில் கழுத்து மட்டும் எழுந்து அவரைப் பார்த்தது.

கூட்டுக்கு மேலே கருவேலங்கிளைகள் கூரைபோல் இறங்கியிருந்தன. உள்ளே எதுவும் தெரியவில்லை.

சிதம்பரநாதன் ஒரு கிளையையும் ஒடிக்கவில்லை. அவ்வளவு மென்மையானவர். மேல்துண்டைக் கிழித்து, கிளைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, பின்னால் இழுத்துக் கட்டினார். முள் கையைக் கிழித்தது. பொறுத்துக்கொண்டார்.

உள்ளே முட்டைகள் இருந்தன. நீலம் தோய்ந்த வெள்ளை.

பிறகு அடிக்கடி போனார். முட்டைகள் உடைந்து மூன்று குஞ்சுகள் வந்தன. முதலில் வெறும் தோல். பிறகு ஒருநாள் பார்த்தபோது உடம்பெல்லாம் பஞ்சு முளைத்திருந்தது. வெள்ளை. ஒரு புள்ளி கறுப்பில்லாத சுத்த வெள்ளை. அவ்வளவு கறுப்பான தாய்க்கு இப்படிப் பிள்ளைகளா என்று சிதம்பரநாதன் கவட்டையில் உட்கார்ந்தபடி அழுதார். மனைவி போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாக அழுதார்.

தாரா சில நாள் அவர் வரும்போது கூட்டின் விளிம்பில் நிற்கும். இரண்டு ரெக்கையையும் விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அசையாமல் நிற்கும். தனக்கு ஆசீர்வாதம் செய்கிறது என்று நினைத்தார். கிட்டப் போனதும் விழுந்து போய்விடும். அவர் எழுந்து போகும்வரை வராது.

பழகிவிடும் என்று அவர் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்.

மாசி பிறந்து வெயில் ஏறியிருந்தது.

*

அமாவாசையன்று அவர் போனபோது தாரா இல்லை.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. கண்கள் இல்லை. ஒன்றின் வயிறு திறந்து கிடந்தது. மூன்றாவதைக் காணவில்லை. பக்கத்துக் கொப்பில் இரண்டு காக்கைகள் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

சிதம்பரநாதன் தண்ணீரில் விழுந்து, எழுந்து, கரைக்கு வந்து, ஊருக்குள் ஓடினார்.

"கொம்பையா! கொலைகாரப் பாவி!"

அவருக்குச் சந்தேகமே இல்லை. பறவை செத்தால் வேட்டைக்காரன்தான். வேறு யார்?

மடையில் ஊர் கூடியது. தண்ணீர் பங்கு வைக்கிற நீர்க்கட்டியான சங்கிலி விசாரித்தார். குளத்து வழக்கை அவர்தான் தீர்ப்பது.

"என்ன சார் ஆச்சு?"

"தாராக் குஞ்சைக் கொன்னுட்டான். வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கான். ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

கொம்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தார்.

"குஞ்சைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன சார் பண்ண? ஒரு வாய்க்குக் காணுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நீ இன்னைக்கு எங்க இருந்த?" என்று கேட்டார் சங்கிலி.

"அமாவாசைல்லா. காளவாசல் லீவு. வீட்ல படுத்துக் கெடந்தேன்."

"யாரு பாத்தா?"

"படுத்துக் கெடக்கதை யாரு அண்ணாச்சி பாப்பா? பேச்சி சந்தைக்குப் போயிருந்தா."

சங்கிலி சிதம்பரநாதனைப் பார்த்துத் திரும்பினார்.

"சார், நீங்க ஒரு இறகு கொறைஞ்சாக்கூடச் சொல்லுற ஆளு. உங்க கண்ணுக்கு மேல எங்களுக்குச் சாட்சி கெடையாது. கேக்கேன். இவன் கயிறு தாண்டுனதை நீங்க பாத்தியளா?"

சிதம்பரநாதன் பார்க்கவில்லை.

ஆனால் கண்ணை மூடினால் தெரிந்தது. கொம்பையா குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைவது, திட்டில் ஏறுவது, கூட்டுக்குள் கையை விடுவது. இவ்வளவு தெளிவாகத் தெரிவதைப் பார்த்தேன் என்று சொன்னால் தப்பா?

"பாத்தேன்" என்றார்.

"கண்ணால?"

"கண்ணால."

கொம்பையாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வாய் நிற்காத மனிதர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மடைக் கல்லின் மேல் அவருடைய வலது கையை வைத்தார்கள். அம்மிக் குழவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இதுவரை செய்ததில்லை என்பதால் எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு விரலுக்குப் பதில் மூன்று விரல் போனது.

துப்பாக்கியைக் குளத்தில் எறிந்தார்கள்.

எதையும் பார்க்காமல் விடாத சிதம்பரநாதன் அதைப் பார்க்கவில்லை. மறுபக்கம் திரும்பி நின்றிருந்தார். சத்தம் மட்டும் கேட்டது.

*

உலகம்மை திரும்பிவந்தார். வரும் வழியிலேயே கேள்விப்பட்டிருந்தார்.

மூட்டையை இறக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை.

"ஐயா, குஞ்சு செத்துக் கெடந்ததை எங்க இருந்து பாத்தீங்க?"

ஊரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை; அவர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றதையும் யோசிக்கவில்லை. அந்தக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள்.

"கூட்டுக்குப் பக்கத்துல இருந்து" என்றார் சிதம்பரநாதன்.

"கயிறு தாண்டியா?"

"ஆமாம்மா. பல தடவை."

"கிளை மறைக்குமே."

"ஒதுக்கிக் கட்டி வச்சேன். ஒண்ணையும் ஒடிக்கலைம்மா."

உலகம்மை மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு, "சட்டையைக் கழத்திட்டு வாங்க" என்றார்.

உச்சிவெயில். கரையில் நிழலில்லாத இடத்தில் சிதம்பரநாதனை உட்காரச் சொன்னார். மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரச் சொன்னார். தான் அவருக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்று, சேலைத்தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். சிதம்பரநாதன் மேல் நிழல் விழுந்தது.

"தாரா கூட்டுல எப்படி நிக்கும்?" என்று கேட்டார்.

"ரெக்கையை விரிச்சுக்கிட்டு நிக்கும்மா. நான் வாறதைப் பாத்து ஆசீர்வாதம்..."

உலகம்மை விலகிப் போனார்.

வெயில் சிதம்பரநாதனின் தலையிலும் தோளிலும் இறங்கியது. உலகம்மை தூரத்தில் ஒரு பனைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நேரம் போயிற்று. தோள் எரிந்தது. நாக்கு ஒட்டியது. ஒரு காக்கை கரையில் இறங்கி, தத்தித் தத்தி வந்து, கொஞ்ச தூரத்தில் நின்று அவரைப் பார்த்தது.

சிதம்பரநாதன் காக்கையைப் பார்த்தார். தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தார். திட்டைப் பார்த்தார். அவர் கட்டிய துணிக்கிழிசல் ஒன்று கருவேலமரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கூரை திறந்த கூடு, வெயில் நேராக விழும்படி இருந்தது.

"ஐயோ" என்றார்.

எழுந்திருக்கவில்லை. அடிபட்ட மாடு மாதிரி ஒரு சத்தம் அவரிடம் இருந்து வந்துகொண்டே இருந்தது.

உலகம்மை திரும்பிவந்தார். அவருடைய முகமும் நன்றாக இல்லை.

"ஏன் போனீங்க ஐயா?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க."

"நானா?"

"கண்ணாடியை மூடுனீங்களே. கண்ணாடி வேண்டாம், நேர்ல போய்ப் பாருன்னு."

உலகம்மை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பாக்காதீங்கன்னு மூடினேன்" என்றார். "போகாதீங்கன்னு ஒரு வார்த்தை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பஸ் வந்துருமேன்னு கையால முடிச்சுட்டேன். எங்க குரு அப்படித்தான் செய்வாரு. எனக்கும் அது பிடிச்சுப் போச்சு."

காக்கை பறந்து போயிற்று.

"கொம்பையாவை நீங்க பாத்தீங்களா?"

"இல்லைம்மா."

"பாத்தேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதுக்கும் நான் கை காட்டுனேனா?"

சிதம்பரநாதன் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"எனக்கு என்ன தண்டனைம்மா?"

"வழக்கத்துல இல்லை ஐயா. உங்களுக்குன்னு ஒண்ணும் இல்லை."

உலகம்மை எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப வாயால சொல்லுதேன். நல்லாக் கேட்டுக்கோங்க. கொம்பையா வீட்டுக்குப் போங்க. நடந்ததைச் சொல்லுங்க. எதையும் விடாதீங்க. சங்கிலிகிட்டேயும் ஊர்கிட்டேயும் நான் போய்ச் சொல்லுதேன். என் பங்கையும் சேத்துச் சொல்லுதேன். இதுக்கு வேற அர்த்தம் எதுவும் கெடையாது."

*

கொம்பையா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மடியில் கிடந்தது. துணி முழுக்கப் பச்சிலைச் சாறு. நாற்றம் வந்தது.

பேச்சி வாசலை மறித்து நின்றாள்.

"என்னத்தைப் பாக்க வந்திய? பாத்தது போதாதா?"

"உள்ள விடு" என்றார் கொம்பையா.

சிதம்பரநாதன் உள்ளே போய்த் தரையில் விழுந்தார். விழுந்தபடியே சொன்னார். கயிறு தாண்டியது. கிளையைக் கட்டியது. தாரா விரித்து நின்றது நிழலுக்கு என்று தெரியாமல் அதைக் கூட்டை விட்டு விரட்டிக்கொண்டே இருந்தது. வெயில். காக்கை. மடையில் பார்த்தேன் என்று சொன்னது. பார்க்கவே இல்லை என்பது. ஒன்றையும் விடவில்லை.

பேச்சி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு திணித்ததை எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"இந்தக் கையை வச்சு இனி கல்லு சுமக்க முடியுமா? ஒரு கவளம் சோறு எடுத்துத் திங்க முடியல. நான் ஊட்டுதேன். சின்னப் புள்ளைக்கு ஊட்டுத மாதிரி ஊட்டுதேன். அது உங்க கண்ணுக்குத் தெரியுமா சார்?"

"என் கையை ஒடிச்சிரு கொம்பையா" என்றார் சிதம்பரநாதன். "நான் அசைய மாட்டேன். ஒடிச்சிரு."

"ஒடிக்கப் போறது யாரு?" என்றாள் பேச்சி. "ஒடிக்கிற கைதான் கட்டிக் கெடக்கே."

அவள் வெளியே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

சிதம்பரநாதன் எழுந்து உட்கார்ந்தார். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஓலை இடுக்கில் வந்த வெயில் தரையில் நகர்ந்தது.

"சார்."

"சொல்லு... சொல்லுங்க."

"எங்க அப்பா இந்தக் குளத்துல அம்பது வருசம் இருந்தாரு. கூட்டுக்குள்ள குஞ்சு கெடக்கதை அவரு பாத்ததில்லை. நானும் பாத்ததில்லை. கயிறு கட்டுனா நாங்க அந்தப் பக்கமே திரும்புறதில்லை. பறந்து வெளிய வரும்போதுதான் பாப்போம். அப்பம் பழுப்பா இருக்கும்."

சிதம்பரநாதன் தலைகுனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு சின்னதுல இருந்தே ஒரு நெனப்பு. கேக்கதுக்கு ஆளில்லை. இந்த ஊர்ல பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். நல்லாப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"குஞ்சு என்ன நெறம் சார்?"

கொம்பையாவின் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். இதையாவது இந்த மனிதருக்குக் கொடுக்கலாம் என்று சிதம்பரநாதன் நினைத்தார்.

"வெள்ளை" என்றார். "சுத்த வெள்ளை. பஞ்சு மாதிரி. ஒரு புள்ளி கறுப்பு கிடையாது."

கொம்பையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாரா கறுப்பு சார்."

"ஆமா. தாய் கறுப்புதான். குஞ்சு வெள்ளை. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன் கொம்பையா. சத்தியமா."

கொம்பையா மடியில் கிடந்த கையை இடதுகையால் தூக்கி, வலிக்காத இடமாகப் பார்த்து, மெதுவாக மாற்றி வைத்துக்கொண்டார்.

"இதுலயும் பொய்யா சார்?" என்றார்.